கண்ட்ரோலரை மாற்றும் முன் மென்பொருளை மாற்றிப் பாருங்கள்

ஒரு கணினியில் ஓடும் விளையாட்டை வேறொரு கணினியில் உட்கார்ந்து கண்ட்ரோலரால் ஆடுவது பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று தொடர்புள்ள கேள்விகள் என்பதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் கேமிங் கணினி ஓர் அறையில் இருக்கிறது. நான் வேறோர் அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் மூலம் அதை இயக்குகிறேன். கண்ட்ரோலரைச் செருகினால் லேப்டாப்புக்குத் தெரிகிறது, விளையாட்டுக்குத் தெரிவதில்லை. இது சாதாரண மாடல், விலை கூடிய கண்ட்ரோலர் வாங்குங்கள் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் கண்ட்ரோலரில் எந்தக் குறையும் இல்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அதுவும் இதே இடத்தில்தான் நிற்கும்.

விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் அலுவலக வேலைக்காகச் செய்யப்பட்டது. விசைப்பலகை, மவுஸ், ஒலி, பிரிண்டர், கோப்புகள் ஆகியவற்றை அது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோகும். கண்ட்ரோலரை வழக்கமான அமைப்பில் அது கண்டுகொள்வதே இல்லை. நீங்கள் பொத்தானை அழுத்துவது லேப்டாப் வரைக்கும்தான் போகிறது. விளையாட்டு ஓடுவதோ மற்ற கணினியில். அந்தக் கணினியைப் பொறுத்தவரை கண்ட்ரோலர் என்று ஒன்று செருகப்படவே இல்லை.

கண்ட்ரோலர் எப்படியோ வேலை செய்தாலும்கூட விளையாட்டுக்கு இது ஏற்ற வழி இல்லை. ரிமோட் டெஸ்க்டாப் வழக்கமாக நொடிக்கு 30 படங்களுக்கு மேல் அனுப்பாது. மவுஸை வைத்துச் சமாளிக்கலாம் என்று பார்த்தால், பல விளையாட்டுகளில் லேசாக நகர்த்தினாலே கேமரா தலைகீழாகச் சுழலும். மவுஸ் எவ்வளவு நகர்ந்தது என்பதுதான் விளையாட்டுக்கு வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப் அனுப்புவதோ, திரையில் மவுஸ் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை.

நீங்கள் மாற்ற வேண்டியது மென்பொருளை. விளையாட்டை ஸ்ட்ரீம் செய்வதற்கென்றே, அதாவது ஓடும் விளையாட்டின் படத்தையும் ஒலியையும் வலை வழியாக உடனுக்குடன் அனுப்புவதற்கென்றே எழுதப்பட்டவை இருக்கின்றன: ஸ்டீம் ரிமோட் ப்ளே, மூன்லைட்டும் சன்ஷைனும் சேர்ந்த ஜோடி, பார்செக். முதல் இரண்டும் இலவசம். பார்செக்கைச் சொந்த உபயோகத்துக்குக் காசு கட்டாமல் பயன்படுத்தலாம். இவை எல்லாமே ஏறக்குறைய ஒரே உத்தியைத்தான் கையாளுகின்றன. விளையாட்டு ஓடும் கணினியில் மென்பொருளாலேயே ஒரு போலிக் கண்ட்ரோலரை உருவாக்கிவிடும். நீங்கள் லேப்டாப்பில் அழுத்தும் ஒவ்வொரு பொத்தானையும் வலை வழியாக அனுப்பி, அந்தப் போலியில் அதே பொத்தானை அழுத்தும். நிஜமாகவே ஒன்று செருகியிருக்கிறது என்றுதான் விளையாட்டு எடுத்துக்கொள்ளும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஸ்ட்ரீம் ஓடிக்கொண்டிருக்கும்போது விளையாட்டுக் கணினியில் ரன் பெட்டியைத் திறந்து, ஆங்கிலத்தில் ஜே, ஓ, ஒய், ஒரு புள்ளி, சி, பி, எல் என்று தட்டி என்டர் கொடுங்கள். இணைந்திருக்கும் கண்ட்ரோலர்களின் பட்டியல் வரும். அங்கே பெரும்பாலும் எக்ஸ்பாக்ஸ் 360 கண்ட்ரோலர் ஒன்று நிற்கும், நீங்கள் கையில் வைத்திருப்பது வேறு நிறுவனத்துடையதாக இருந்தாலும். அதைத் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸை அழுத்திவிட்டு, உங்கள் கையில் உள்ள குச்சியை அசையுங்கள். திரையில் சிறிய கூட்டல் குறி நகர்ந்தால் இணைப்பு சரி. அதற்குப் பிறகும் விளையாட்டில் வேலை செய்யவில்லை என்றால் விளையாட்டின் அமைப்புகளைத்தான் பார்க்க வேண்டும். பட்டியலே காலியாக இருந்தால், பெரும்பாலும் போலிக் கண்ட்ரோலருக்கான டிரைவர், அதாவது அதை விண்டோஸுக்கு அடையாளம் காட்டும் சிறு மென்பொருள், நிறுவப்படவில்லை. சன்ஷைன் பயன்படுத்துபவர்களுக்கு இது அடிக்கடி நேர்வது. விண்டோஸில் அது விஜெம்பஸ் என்ற டிரைவரை நம்பியிருக்கிறது. அதை நிறுவிவிட்டுக் கணினியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

மூன்றில் எதை எடுப்பது? உங்கள் விளையாட்டுகள் பெரும்பாலும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கியவையாக இருந்தால் ஸ்டீம் ரிமோட் ப்ளேயிலேயே தொடங்குங்கள், தனியாக எதையும் அமைக்கத் தேவையில்லை. மற்றபடி என் தேர்வு சன்ஷைனும் மூன்லைட்டும்தான். சன்ஷைன் விளையாட்டுக் கணினியில் இருக்கும், மூன்லைட் நீங்கள் உட்காரும் இடத்தில். மூன்லைட் காட்டும் நான்கு இலக்க எண்ணைச் சன்ஷைனின் அமைப்புப் பக்கத்தில் கொடுத்தால் இரண்டும் சேர்ந்துவிடும். ஸ்ட்ரீமை விட்டு வெளியேற கண்ட்ரோலரில் ஸ்டார்ட், செலக்ட், எல்1, ஆர்1 நான்கையும் ஒன்றாக அழுத்தினால் போதும், விசைப்பலகையைத் தேட வேண்டியதில்லை. பழைய வீடியோக்களில் என்விடியாவின் கேம்ஸ்ட்ரீமை இயக்கச் சொல்வார்கள். அதைப் பின்பற்ற வேண்டாம், என்விடியா அந்த வசதியைக் கைவிட்டுவிட்டது. அந்த இடத்தில்தான் இப்போது சன்ஷைன் இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு ஏஎம்டியோ இன்டெல்லோ ஆனாலும் அது ஓடும்.

கேள்வி: ரிமோட் டெஸ்க்டாப்பிலேயே யுஎஸ்பி சாதனங்களை அனுப்பும் வசதி ஒளிந்திருப்பதாக நண்பர் சொல்கிறார். அதற்காக விண்டோஸ் ப்ரோ உரிமம் வாங்கலாமா?

பதில்: வசதி இருப்பது உண்மை. ரிமோட்எஃப்எக்ஸ் யுஎஸ்பி என்று அதற்குப் பெயர். லேப்டாப்பில் குரூப் பாலிசி என்ற விண்டோஸின் உள் விதிகளுக்குள் போய் அதை அனுமதிக்க வேண்டும். பிறகு ரிமோட் டெஸ்க்டாப் ஜன்னலில் லோக்கல் ரிசோர்சஸ் பக்கத்தில் சாதனத்துக்கு டிக் போட வேண்டும். அந்த விதிகளை மாற்றும் குரூப் பாலிசி எடிட்டர் விண்டோஸின் ஹோம் பதிப்பில் கிடையாது என்பதால் நண்பர் ப்ரோ வாங்கச் சொல்லியிருப்பார்.

கண்ட்ரோலருக்காக மட்டும் என்றால் அந்தச் செலவு வீண். டிக் போட்டாலும் எல்லாக் கண்ட்ரோலரும் அந்தப் பக்கம் ஒழுங்காகப் போய்ச் சேராது. ப்ளூடூத்தில் இணைத்தது பட்டியலிலேயே வராது, அது யுஎஸ்பி சாதனம் இல்லையே. சேர்ந்தாலும் மேலே சொன்ன 30 படங்களும் மவுஸ் சிக்கலும் அப்படியே இருக்கும். ஹோம் பதிப்புக் கணினிக்கு ரிமோட் டெஸ்க்டாப்பால் உள்ளே வர முடியாது என்பதும் பலரை ப்ரோ பக்கம் தள்ளுகிறது. சன்ஷைனுக்கோ ஸ்டீமுக்கோ ஹோம் பதிப்பே போதும்.

கேள்வி: எனக்குக் கார் பந்தயம்தான் பிடிக்கும். ஸ்டியரிங் வீலும் பெடலும் இருக்கின்றன. மூன்லைட்டில் வீல் வரவில்லை. வலை வழியாக யுஎஸ்பியை அனுப்பும் மென்பொருள் ஒன்றைக் காசு கொடுத்து வாங்க நினைக்கிறேன்.

பதில்: மென்பொருளுக்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிற இடம் இது ஒன்றுதான். ஸ்ட்ரீமிங் மென்பொருள் உருவாக்கும் போலிக் கண்ட்ரோலர் ஒரு சாதாரணக் கண்ட்ரோலரை மட்டுமே நடிக்கும். அதில் வீல் இல்லை, மூன்று பெடல் இல்லை, கியர் இல்லை. வளைவில் வீல் உங்கள் கையை எதிர்த்து இழுக்குமே, அந்த விசைக்கும் அதில் இடமில்லை. விமானம் ஓட்டும் ஜாய்ஸ்டிக் வைத்திருப்பவர்களுக்கும் இதே நிலைதான்.

விர்ச்சுவல்ஹியர் போன்ற மென்பொருள் வேறு விதமாக வேலை செய்கிறது. பொத்தான் அழுத்தல்களை மொழிபெயர்த்து அனுப்பாமல், யுஎஸ்பி சாதனத்தையே அந்தக் கணினியில் செருகியது போல ஆக்கிவிடும். வீல் தயாரித்தவர்களின் டிரைவரை விளையாட்டுக் கணினியில் நிறுவினால் அது நிஜ வீலாகவே தெரியும். படத்துக்கு மூன்லைட், வீலுக்கு இது என இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள்.

வாங்கும் முன் சில விஷயங்கள். விர்ச்சுவல்ஹியரில் ஒரு சாதனத்தை இலவசமாகவே அனுப்பிப் பார்க்கலாம். வீலும் பெடலும் ஒரே கேபிளில் வருகிற மாடல் என்றால் அதுவே உங்களுக்குப் போதுமாக இருக்கும். தனித்தனி யுஎஸ்பி என்றால்தான் உரிமம் தேவைப்படும். இங்கே சர்வர் என்பது சாதனம் செருகிய கணினி, கிளையன்ட் என்பது விளையாட்டு ஓடும் கணினி. சன்ஷைன், மூன்லைட் ஜோடிக்கு இது நேர் எதிர் என்பதால் பலர் மாற்றி நிறுவிவிட்டு வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். உரிமம் எந்தக் கணினியோடு கட்டப்படுகிறது என்பதையும் படித்துவிட்டு வாங்குங்கள். சில மாதத்தில் லேப்டாப்பை மாற்றப் போகிறவர் இப்போது வாங்கினால் அப்புறம் சிரமப்படுவார். முக்கியமாக, இந்த முறை ஒரே ரூட்டருக்குள் நன்றாக இருக்கும். இணையம் வழியாக ஊர் தாண்டி அனுப்பினால் வீல் தாமதமாகத்தான் பதில் சொல்லும், அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

கேள்வி: கண்ட்ரோலர் வேலை செய்கிறது, ஆனால் அழுத்திச் சற்றுப் பொறுத்துத்தான் ஆள் குதிக்கிறான். ப்ளூடூத்தை விட்டுவிட்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளோடு (யுஎஸ்பியில் செருகும் சிறிய ரிசீவர்) வரும் கண்ட்ரோலர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: முதலில் தாமதம் எங்கே உண்டாகிறது என்று பாருங்கள். மூன்லைட்டில் ஆட்டம் நடக்கும்போது கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றோடு எஸ் அழுத்தினால் திரையின் மூலையில் எண்கள் தோன்றும். வலையில் எத்தனை மில்லிநொடி, படத்தைப் பிரித்துக் காட்ட எத்தனை மில்லிநொடி என்று தனித்தனியாக இருக்கும். நொடிக்கு 60 படம் ஓடும் விளையாட்டில் ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடிதான். வலைத் தாமதம் ஒற்றை இலக்கத்தில் நிலையாக நின்றால் அங்கே பிரச்சினை இல்லை. 5, 40, 8, 60 என்று குதித்துக்கொண்டே இருந்தால் குற்றவாளி வைஃபை, கண்ட்ரோலர் அல்ல.

அப்படியானால் வாங்க வேண்டியது ஒரு ஈதர்நெட் கேபிள். விளையாட்டுக் கணினியை ரூட்டரோடு கேபிளில் கட்டிவிட்டாலே பாதித் தொல்லை தீரும், ஏனென்றால் இரண்டு கணினியும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு படமும் காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது. லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். ப்ளூடூத்தும் பழைய வைஃபையும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகின்றன, இரண்டும் முட்டிக்கொண்டால் அழுத்தியது தொலைந்துபோகும். நீங்கள் வாங்க நினைக்கும் டாங்கிளும் அதே அலைவரிசைதான் என்பதைக் கவனியுங்கள்.

வேறு எதையும் வாங்கும் முன், கண்ட்ரோலரை யுஎஸ்பி கேபிளில் செருகி ஒரு மாலை முழுக்க ஆடிப் பாருங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் ப்ளூடூத் காரணமில்லை. இரண்டு அறைகளும் அடுத்தடுத்து இருந்தால், ப்ளூடூத் கண்ட்ரோலரை லேப்டாப்போடு இணைக்காமல் நேராக விளையாட்டுக் கணினியோடு இணைத்துப் பாருங்கள். படம் மட்டும் வலையில் வரும், உங்கள் விரல் அசைவு நேராகப் போய்விடும். நடுவில் கனத்த சுவர் இருந்தால் சரிவராது.

கேள்வி: ப்ளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸ் வாங்கினால், ட்ரிக்கர் இறுகுவது போன்ற வசதிகள் ஸ்ட்ரீமிங்கிலும் கிடைக்குமா?

பதில்: விண்டோஸ் கணினியிலிருந்து சன்ஷைனில் ஸ்ட்ரீம் செய்தால் கிடைக்காது. அங்கே உருவாகும் போலி எக்ஸ்பாக்ஸ் 360 மாதிரியோ ப்ளேஸ்டேஷன் 4-இன் டூயல்ஷாக் 4 மாதிரியோதான், அவற்றில் இறுகும் ட்ரிக்கரே கிடையாது. சாதாரண அதிர்வு வரும். கையில் பிடிக்க வசதியாக இருக்கிறது என்றால் வாங்குங்கள், ட்ரிக்கருக்காக வாங்காதீர்கள். 360 மாதிரியில் ஆடினால் திரையில் வட்டம், சதுரம் என்பதற்குப் பதிலாக ஏ, பி, எக்ஸ், ஒய் என்றே காட்டும்.

கேள்வி: பழைய ஸ்டீம் லிங்க் பெட்டி ஒன்று விற்பனைக்கு வருகிறது. டிவியோடு இணைக்க வாங்கலாமா?

பதில்: தேவையில்லை. கணினியில் ஓடும் விளையாட்டை டிவியில் காட்டுவதற்காக 2015-இல் வந்து 2018-இல் நிறுத்தப்பட்ட சாதனம் அது. அதிகபட்சம் 1080 தரம்தான். அதே வேலையை ஸ்டீம் லிங்க் செயலி இலவசமாகச் செய்கிறது. ஆண்ட்ராய்டு டிவியிலும் ராஸ்பெர்ரி பையிலும் ஓடும்.

கேள்வி: ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்து ஏதோ சரிபார்த்துவிட்டு வெளியே வந்தேன். அதன் பிறகு ஸ்டீம் ஸ்ட்ரீம் ஆகவே மறுக்கிறது. வெளியூரிலிருந்தும் ஆட வேண்டும் என்பதால் ரூட்டரில் 3389 போர்ட்டையும் (இணையத்திலிருந்து உள்ளே வரும் எண்ணிட்ட வழி) திறந்து வைத்திருக்கிறேன்.

பதில்: ரிமோட் டெஸ்க்டாப் உள்ளே நுழையும்போது அந்தக் கணினியின் நிஜத் திரையைப் பூட்டிவிடும். நீங்கள் வெளியே வந்த பிறகும் பூட்டு அப்படியே இருக்கும். பூட்டிய திரையை ஸ்டீமால் ஸ்ட்ரீம் செய்ய முடியாது. கணினியின் முன்னால் போய்க் கடவுச்சொல் கொடுத்துத் திறந்தால் சரியாகிவிடும். எழுந்து போக முடியாத இடத்தில் இருந்தால் சன்ஷைன் உதவும், அது பூட்டுத் திரையையும் காட்டும் என்பதால் அங்கேயே கடவுச்சொல்லைத் தட்டலாம். மானிட்டர் இல்லாத கணினி என்றால் எச்டிஎம்ஐ டம்மி ப்ளக் ஒன்று வாங்கிச் செருகுங்கள். அதைப் பார்த்து, திரை இருக்கிறது என்று கிராஃபிக்ஸ் கார்டு எடுத்துக்கொள்ளும்.

3389-ஐ இன்றே மூடிவிடுங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசல் அதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். கடவுச்சொல்லை ஊகித்து உள்ளே நுழையப் பார்க்கும் நிரல்கள் இணையம் முழுக்க அந்தப் போர்ட்டைத்தான் இரவு பகலாகத் தட்டிக்கொண்டிருக்கின்றன. யாராவது நுழைந்துவிட்டால் உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். வெளியூரிலிருந்து ஆட, வயர்கார்டு அல்லது டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன்-ஐ, அதாவது இரண்டு கணினிக்கும் இடையே பாதுகாப்பான தனிப் பாதை போடும் மென்பொருளை, இரண்டிலும் நிறுவி அதன் வழியாக மூன்லைட்டை இணையுங்கள். டெயில்ஸ்கேல் சொந்த உபயோகத்துக்கு இலவசம். அதற்கு ரூட்டரில் எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை.