பாக்கெட்டில் வளைந்த போன்: யார் பொறுப்பு?

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மெல்லிய போன் வளைந்ததைப் பற்றியவை. அதனால் மற்றவற்றை அடுத்த வாரத்துக்கு வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: உணவு டெலிவரி வேலை பார்க்கிறேன். நான்கு மாதம் முன்பு மெல்லிய மாடல் போன் ஒன்றை 38,000 ரூபாய்க்குத் தவணையில் வாங்கினேன். ஜீன்ஸ் முன் பாக்கெட்டில்தான் வைப்பேன். ஒருமுறைகூடக் கீழே விழவில்லை. இப்போது வால்யூம் பட்டன் பக்கம் லேசாக வளைந்து, டிஸ்பிளேயின் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சர்வீஸ் சென்டரில் ‘பிசிக்கல் டேமேஜ், வாரண்டி கிடையாது, 14,000 ஆகும்’ என்கிறார்கள். இன்னும் எட்டு தவணை பாக்கி இருக்கிறது. தப்பு என்னுடையதா?
— வாசகர், மதுரை

பதில்: இல்லை. நீங்கள் எழுதியிருப்பது அப்படியே நடந்திருந்தால் உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்த 14,000 ரூபாயை இப்போது கட்டிவிடாதீர்கள்.

முதல் வேலை, சர்வீஸ் சென்டரில் ஜாப் ஷீட், அதாவது போனின் பழுதை எழுதித் தரும் தாளைக் கேட்டு வாங்குவது. மறுப்புக்கான காரணத்தை அவர்கள் எழுதித் தர வேண்டும். ‘வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம்’ என்று அதில் இருந்தால், அதன் கீழே ‘இதை நான் ஏற்கவில்லை’ என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2015இல் நானும் உலோக உடம்பு கொண்ட ஒரு மெல்லிய போனை ஆசைப்பட்டு வாங்கினேன். ஏழாவது மாதம் திருச்சியிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் வந்து இறங்கியபோது போன் நடுவில் வளைந்திருந்தது. முன் பாக்கெட்டில்தான் இருந்தது. சர்வீஸ் சென்டரில் நீட்டிய தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். சேதத்துக்கு நான்தான் காரணம் என்று ஒப்புக்கொள்ளும் வரி அதில் இருந்தது. அதற்குப் பிறகு எழுதிய எந்த மின்னஞ்சலுக்கும் அந்தத் தாளின் நகலையே பதிலாக அனுப்பினார்கள். அந்தப் பணம் போனது போனதுதான்.

அடுத்து, போனின் பக்கவாட்டில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, இடைவெளி தெரியும்படி படம் எடுங்கள். கண்ணாடியில் விரிசலோ, மூலைகளில் அடிபட்ட தழும்போ இல்லை என்பதும் படத்தில் தெரியட்டும். விழுந்த போனுக்குத் தழும்பு இருக்கும். அழுத்தத்தில் வளைந்த போனுக்கு இருக்காது. விளம்பரத்தில் ‘உறுதியான’, ‘நீடித்து உழைக்கும்’ என்று சொல்லியிருந்தால் அந்தப் பக்கத்தையும் சேமித்து வையுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்பவர் சொன்ன தரத்தில் பொருள் இல்லாவிட்டால் அதையும் குறைபாடு என்கிறது.

பிறகு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். பதில் சரியில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். குறைபாடு கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதது என்றால் பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. மனுவில் அதைக் கேளுங்கள். தவணையை மட்டும் நிறுத்த வேண்டாம். கடன் கொடுத்தவரோடு தனிச் சண்டை தொடங்கிவிடும்.

இனி, பல வருடமாக என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ‘பிசிக்கல் டேமேஜ்’ என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை பேரைத் திருப்பி அனுப்புகிறார்கள்! வளைவு என்பது விளைவு. காரணம் யார் என்பது தனிக் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்காமலே சர்வீஸ் சென்டர் மேசையில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

2014 செப்டம்பரில் ஐபோன் 6, ஐபோன் 6 பிளஸ் இரண்டும் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே, பாக்கெட்டில் வைத்த பிளஸ் வளைகிறது என்று புகார் கிளம்பியது. வழக்கமான உபயோகத்தில் வளைவது மிக அரிது, ஒன்பது பேர்தான் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள் என்றது ஆப்பிள். பத்திரிகையாளர்களைத் தன் சோதனைக்கூடத்துக்கு அழைத்துப் போய்க் காட்டவும் செய்தது. அங்கே காட்டிய சோதனைகளில் ஒன்று, இறுக்கமான ஜீன்ஸில் போனை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பது. யோசித்துப் பாருங்கள். உட்காருவதை நிறுவனமே சோதிக்கிறது என்றால், மக்கள் போனைப் பாக்கெட்டில் வைத்து உட்காருவார்கள் என்பது அதற்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்து விற்ற பொருள் அதில் வளைந்தால் வாங்கியவரை எப்படிக் குற்றம் சொல்ல முடியும்?

நான்கு வருடம் கழித்து, 2018இல், கலிபோர்னியாவில் நடந்த வழக்கில் இன்னொன்று வெளியே வந்தது. முந்தைய ஐபோன் 5எஸ்ஸோடு ஒப்பிட்டால் ஐபோன் 6 வளையும் வாய்ப்பு 3.3 மடங்கு, 6 பிளஸ் வளையும் வாய்ப்பு 7.2 மடங்கு என்று நிறுவனத்தின் சொந்தச் சோதனையே விற்பனைக்கு முன்பு காட்டியிருந்தது. 6 பிளஸ் வைத்திருந்த பலருக்குத் தொடுதிரை வேலை செய்யாமல் போனது. போன் திரும்பத் திரும்ப நெளியும்போது உள்ளே பலகையில் இருக்கும் தொடுதிரைச் சிப்பின் இணைப்பு விட்டுப்போவதுதான் காரணம் என்று பழுது பார்ப்பவர்கள் சொன்னார்கள். 2016 நவம்பரில் ஆப்பிள் அதற்கு ஒரு பழுதுநீக்கும் திட்டம் அறிவித்தது. ஆனால் போன் பலமுறை கடினமான தரையில் விழுந்ததால் வருவது என்று சொல்லி, வாடிக்கையாளரிடம் 149 டாலர் வாங்கியது. அங்கேயும் பழி, போனை வாங்கியவர் மேல்தான்.

இதில் எனக்கு ஆறாத கோபம் உண்டு. 2015இல் வந்த 6எஸ் மாடல்களுக்கு இன்னும் உறுதியான அலுமினியக் கலவை போட்டார்கள், தடிமனையும் 0.2 மி.மீ. கூட்டினார்கள். அதாவது சரிசெய்ய முடிந்தது. முதலில் வாங்கியவர்களுக்குத்தான் அது கிடைக்கவில்லை.

மெல்லியதாகச் செய்தால் ஏன் இப்படி ஆகிறது என்பதை உங்கள் வீட்டு அலமாரித் தட்டில் பார்க்கலாம். பலகையின் கனத்தைப் பாதியாக்கினால் அது இரண்டு மடங்கு நெளியாது, எட்டு மடங்கு நெளியும். நீளம் கூடினால் இன்னும் மோசம். ஐபோன் 5எஸ் 12 செ.மீ. சொச்சம் நீளம், 7.6 மி.மீ. தடிமன். 6 பிளஸ் கிட்டத்தட்ட 16 செ.மீ. நீளம், 7.1 மி.மீ. தடிமன். நீளத்தைக் கூட்டித் தடிமனைக் குறைத்து, பட்டனுக்காக ஓரத்தில் ஓட்டையும் போட்டால், அந்த ஓட்டை இருக்கும் இடத்தில்தான் முதலில் வளையும். உங்கள் போன் வால்யூம் பட்டன் பக்கத்தில் வளைந்ததற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். இதையும் புகாரில் எழுதுங்கள்.

மெல்லிய போனை உறுதியாகச் செய்யவே முடியாதா என்றால், முடியும். 2025இல் வந்த ஐபோன் ஏர் 5.6 மி.மீ.தான். அதற்கு டைட்டானியம் சட்டகம் போட்டிருக்கிறார்கள். கையால் வளைத்துப் பார்த்த சோதனையில் தாக்குப்பிடித்தது. முன் பாக்கெட்டில் இருந்த போன் நான்கு மாதத்தில் வளைகிறது என்றால் அதில் ஏதோ மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

கேள்வி: பின் பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்ததில் போன் வளைந்துவிட்டது. மேசை விளிம்பில் வைத்து அழுத்தி நிமிர்த்தலாம் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: செய்யாதீர்கள். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. வளைந்ததை மறுபடி வளைத்தால் உள் அடுக்குகள் ஒன்றோடொன்று தொட்டுத் தீப்பிடிக்கலாம். பின்பக்கம் உப்பியிருந்தாலோ, சூடானாலோ, இனிப்பு கலந்த மாதிரி ஒரு வாடை வந்தாலோ சார்ஜ் போடாமல் கடைக்குக் கொண்டு போய்ப் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: பின் பாக்கெட்டில் வைத்து உட்காருவது என் பழக்கம். இது மூன்றாவது போன். மூன்றும் வளைந்துவிட்டன. கம்பெனி மேல் வழக்குப் போடலாமா?
— வாசகர், சேலம்

பதில்: நிறுவனங்களை நான் எவ்வளவு திட்டினாலும், மூன்றாவது போனையும் அதே இடத்தில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தவருக்காக என்னால் வாதாட முடியாது. ஒருமுறை தவறி உட்காருவதைப் போன் தாங்க வேண்டும். தினமும் 70 கிலோவை அதன் மேல் ஏற்றுவது உபயோகம் ஆகாது. பாக்கெட்டை மாற்றுங்கள்.

கேள்வி: மணிக்கட்டில் வலி இருப்பதால் எடை குறைந்த போன் வேண்டும். மெல்லியதாக இருந்தால் எடை குறைவு என்று கடையில் சொன்னார்கள். 5.8 மி.மீ. போன் ஒன்றைக் காட்டினார்கள். விலை அதிகம். வாங்கலாமா?
— ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: வாங்கும் முன்பு கேட்டீர்களே, நல்லது அம்மா. கடைக்காரர் சொன்னது பாதிதான் சரி. சாம்சங் எஸ்25 எட்ஜ் 5.8 மி.மீ., எடை 163 கிராம். அதே வரிசையில் சாதாரண எஸ்25 மாடல் 7.2 மி.மீ., எடை 162 கிராம். அதன் திரை சிறியது. பேட்டரியின் கொள்ளளவிலும் மெல்லியது 3,900 எம்ஏஎச், சாதாரணமானது 4,000 எம்ஏஎச். உங்களுக்குத் தேவை மெல்லிய போன் இல்லை, சிறிய போன். கையில் அடங்கும், வலியும் குறையும், விலையும் குறையும். நிறுவனத்தின் இணையதளத்தில் எடை போட்டிருக்கும். அந்த எண்ணை மட்டும் பாருங்கள்.

கேள்வி: யூடியூபில் ஒருவர் போனைக் கையால் வளைத்துக் காட்டுகிறார். அதைப் பார்த்து வாங்கலாமா?
— கல்லூரி மாணவர், கோவை

பதில்: எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவரின் கை பலம் இன்னொருவருக்கு இருக்காது, கட்டைவிரல் வைக்கும் இடமும் மாறும். 2014இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு இயந்திரத்தில் வைத்து அழுத்திப் பார்த்தது. ஐபோன் 6 சுமார் 32 கிலோவில் வடிவம் கெட்டது. எல்லோரும் திட்டிக்கொண்டிருந்த 6 பிளஸ் 41 கிலோ தாங்கியது. எச்டிசி ஒன் எம்8 போனும் அதே 32 கிலோதான். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஐபோன் 5 சுமார் 59, கேலக்ஸி நோட் 3 சுமார் 68 கிலோ. அப்படி ஒரே இயந்திரத்தில் பல போன்களை அழுத்திய எண்கள் கிடைத்தால் அவற்றை நம்புங்கள். ஆனால் இயந்திரம் ஒருமுறை அழுத்துகிறது, பாக்கெட் தினமும் நூறு முறை அழுத்துகிறது. அந்த வித்தியாசத்தையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: பில் வேண்டாம் என்றால் 1,500 ரூபாய் குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். வாங்கிவிட்டேன். இப்போது போன் வளைந்திருக்கிறது, கடைக்காரர் என்னைத் தெரியாது என்கிறார்.
— வாசகர், நாகர்கோவில்

பதில்: பணம் எப்படிக் கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. யுபிஐ என்றால் அந்தப் பதிவும், பெட்டியில் உள்ள ஐஎம்இஐ எண்ணும் (போனின் தனி அடையாள எண்) கொஞ்சம் உதவும். ரொக்கம் என்றால் என்னிடம் வழி இல்லை. இதே பத்தியில் எத்தனை முறை எழுதியாகிவிட்டது, பில் இல்லாமல் வாங்காதீர்கள் என்று!

கேள்வி: ‘எக்ஸ்டெண்டட் வாரண்டி’ எடுத்தால் வளைவுக்குப் பணம் கிடைக்குமா?
— வாசகி, வேலூர்

பதில்: பொதுவாகக் கிடைக்காது. தற்செயல் சேதத்துக்கான திட்டம் வேறு. அதிலும் ‘வளைவு’ என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

கேள்வி: மகளின் படிப்புக்காக ஆன்லைனில் டேப்லெட் வாங்கினோம். அவளே பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணம். பெட்டியைத் திறந்தபோதே லேசாக வளைந்திருந்தது. ‘இந்த அளவு சகஜம், மாற்றித் தர முடியாது’ என்கிறார்கள். அவள் அழுதுவிட்டாள்.
— ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: மகளிடம் சொல்லுங்கள், இது அவள் தவறு இல்லை. ‘சகஜம்’ என்ற பதில் புதிதும் இல்லை. 2018 ஐபேட் புரோ, 5.9 மி.மீ. தடிமன், சில பேருக்குப் பெட்டியிலேயே வளைந்து வந்தபோது, 400 மைக்ரான் வரை விலகல் இருக்கலாம் என்பதே தன் அளவுகோல் என்றது ஆப்பிள். 400 மைக்ரான் என்றால் 0.4 மி.மீ. அவர்களாவது ஓர் எண்ணைச் சொன்னார்கள். உங்கள் விற்பனையாளரிடமும் எண்ணைக் கேளுங்கள்: எத்தனை மி.மீ. வரை சகஜம், அது எந்த ஆவணத்தில் இருக்கிறது? எழுத்தில் கேளுங்கள்.

ஸ்கேல் வைத்த படம், பெட்டியின் படம், டெலிவரி தேதி மூன்றையும் இணைத்து அந்தத் தளத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்கு இன்றே அனுப்புங்கள். மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் புகார் பதிவாகட்டும். ‘பழுதுபார்த்துத் தருகிறோம்’ என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். புதிய டேப்லெட், அல்லது முழுப் பணம். ஒரு மாதத்தில் நடக்காவிட்டால் எல்லாத் தாள்களின் நகலோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். ஆணையத்துக்கான மனுவை நானே எழுதித் தருகிறேன்.