ஹெர்மன் கேக் மாவை எப்படி வளர்ப்பது, யாருக்குக் கொடுப்பது?

கூட வேலை பார்க்கும் ஒருவர் டப்பாவில் புளித்த மாவைக் கொடுத்து, "இதுதான் ஹெர்மன், பத்து நாள் வளர்த்துக் கேக் செய்யுங்கள், மீதியை மூன்று பேருக்குக் கொடுங்கள்" என்றாராம். என்ன செய்வதென்று தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்த டப்பா மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்துவிட்டு வாருங்கள். உள்ளே வாயு சேர்ந்துகொண்டே இருக்கும், இறுக்கி மூடினால் மூடி தெறித்துவிடும்.

எனக்கு இது கிடைத்தது லண்டனில், ஈஸ்ட் ஹாமில் குடியிருந்தபோது. கீழ்வீட்டு ஆங்கிலேயப் பாட்டி ஓர் ஐஸ்கிரீம் டப்பாவையும் நாலாக மடித்த தாளையும் கொண்டுவந்து கொடுத்தார். தாளில் மாவே பேசுகிற மாதிரி எழுதியிருந்தது: என் பெயர் ஹெர்மன், மூடி போடாமல் பத்து நாள் சமையல் மேடையில் இருப்பேன், ஃபிரிட்ஜில் வைத்தால் செத்துப்போவேன், குமிழி வருவது நின்றால் நான் இல்லை என்று அர்த்தம். இந்தத் தாள் ஜெராக்ஸ் மேல் ஜெராக்ஸாகப் பிரிட்டன் முழுக்கக் கைமாறும். ஜெர்மனியில் 1980களிலேயே ஹெர்மன் வீடு வீடாகப் போயிருக்கிறது. அமெரிக்காவில் இதற்கு ஒரு சொந்தம் உண்டு, 'ஆமிஷ் நட்பு ரொட்டி' என்பார்கள். அங்கே ஜிப் பையில் போட்டு, பையோடு சேர்த்துப் பிசைவார்கள்.

கணக்கு எளிது. வாங்கிய அன்று பெரிய கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணத்துக்கு மாற்றி, மெல்லிய துணியால் மூடுங்கள். மாவு இரண்டு மடங்கு பொங்கும், அதனால் கிண்ணம் பெரிதாகவே இருக்கட்டும். இரண்டாம், மூன்றாம் நாள் கிளறினால் போதும். நான்காம் நாள் சாப்பாடு: மைதா, சர்க்கரை, பால் மூன்றும் ஒரே கப்பால் ஒவ்வொரு கப். ஐந்திலிருந்து எட்டு வரை மறுபடி தினம் கிளறல். ஒன்பதாம் நாள் அதே மூன்றையும் அதே அளவில் சேர்த்து, நன்றாகக் கலந்து, நான்கு பங்காகப் பிரியுங்கள். ஒன்று உங்களுக்கு, மூன்று மற்றவர்களுக்கு.

பத்தாம் நாள் உங்கள் பங்கில் 300 கிராம் மைதா, 160 மில்லி எண்ணெய், இரண்டு முட்டை, இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், இரண்டு டீஸ்பூன் பட்டைத்தூள், கொஞ்சம் வெனிலா எசன்ஸ், அரை டீஸ்பூன் உப்பு, பொடியாக நறுக்கிய இரண்டு ஆப்பிள், ஒரு கை உலர் திராட்சை எல்லாம் சேர்த்து, 180 டிகிரி ஓவனில் முக்கால் மணி நேரம் வேகவிடுங்கள். தாளில் ஒரு கப் சர்க்கரை போடச் சொல்லியிருக்கும். மாவுக்குள்ளேயே சர்க்கரை இருப்பதால் நான் அரைக் கப்தான் போடுவேன். முட்டை சாப்பிடாதவர்கள் வந்தால் இரண்டு வாழைப்பழத்தை மசித்துச் சேர்ப்பேன், கேக் கொஞ்சம் கனமாக வரும், ருசி குறையாது.

இதைப் பலரும் சோர்டோ, அதாவது ரொட்டிக்கான புளிமாவு என்கிறார்கள். கறாராகப் பார்த்தால் அது முழுக்கச் சரியில்லை. சோர்டோ ரொட்டியின் தாய்மாவு வெறும் மாவும் தண்ணீரும்தான், அதில் ஈஸ்ட் தானாக வந்து குடியேறும். ஹெர்மனைப் பெரும்பாலும் கடை ஈஸ்ட் ஒரு பாக்கெட் போட்டுத்தான் தொடங்குகிறார்கள். போகப்போக லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களும் சேர்ந்துகொள்ளும், புளிப்பு அவற்றால்தான் வருகிறது. நம் இட்லி மாவைப் பொங்க வைப்பதும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவைதான். அதனால் இந்த வாசனை உங்களுக்கு அந்நியமாகவே இருக்காது. மேலே கலங்கலான நீர் நின்றால் பயப்பட வேண்டாம், பசிக்கிறது என்று அர்த்தம், கிளறிவிடுங்கள். ரோஜா நிறத்திலோ ஆரஞ்சு நிறத்திலோ கோடு தெரிந்தால், பூஞ்சை படர்ந்தால், யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். பச்சை மாவை விரலால் தொட்டு ருசி பார்க்காதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள். வேகாத மைதாவில் நோய்க்கிருமி இருக்கலாம்.

இனி நான் செய்த தவறு. டிசம்பர் மாதம், வீடு ஐஸ்பெட்டி மாதிரி இருந்தது. இட்லி மாவு பொங்காத நாட்களில் பாத்திரத்தை ஹீட்டர் பக்கத்தில் வைப்பது எங்கள் வழக்கம். அதே நினைப்பில் ஹெர்மன் கிண்ணத்தை ஹீட்டர் மேலேயே வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் ஓரமெல்லாம் தோலாகக் காய்ந்து, நடுவில் கஞ்சி மாதிரி கெட்டியாகிக் கிடந்தது. ஒரு குமிழி இல்லை. 50 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் தாங்காது. பாட்டி நம்பிக் கொடுத்ததை இப்படி ஆக்கிவிட்டேனே என்று அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் பக்கத்துத் தெரு யாழ்ப்பாணத்து அக்காவுக்கு மூன்று வாரம் முன்பு ஒரு பங்கு கொடுத்தது ஞாபகம் வந்தது. அவர் வேலை மும்முரத்தில் கேக் செய்யவே இல்லை. தாளில் எழுதியிருந்ததையும் மீறி ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தோம்: அடியில் மாவு, மேலே இரண்டு விரற்கடை மஞ்சள் நீர். கிளறி, ஒரு கப் சாப்பாடு கொடுத்து மேடையில் வைத்துவிட்டு, தேநீர் குடித்தபடி பேசிக்கொண்டிருந்தோம். கிளம்பும் நேரத்தில் முதல் குமிழி எழுந்து, மெதுவாக உப்பி, உடைந்தது. பாதியை என்னிடம் கொடுத்து, "இது நீங்கள் தந்த மாத்தானே பிள்ளை, கொண்டு போங்கோ" என்றார்.

ஊரில் உறைமோர் தீர்ந்தால் அம்மா பக்கத்து வீட்டுக்குத்தான் கிண்ணத்தைக் கொடுத்தனுப்புவார். போன வாரம் அந்த வீட்டுக்கு உறைமோர் கொடுத்ததும் அம்மாவாகவே இருக்கும். அக்கா வீட்டிலிருந்து நடந்து வரும்போது அதுதான் மனசில் ஓடியது. சரி, ஒன்று மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்: குளிரில் ஹெர்மன் சாகாது, தூங்கும். சூட்டில்தான் சாகும்.

கொடுப்பதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. கேட்காமல் யார் கையிலும் திணிக்காதீர்கள். டப்பாவோடு பத்து நாள் வேலையும் போகிறது. யாரும் மறுக்காமல் ஒவ்வொருவரும் நாலாகப் பிரித்துக்கொண்டே போனால் 50 நாளில் 1,024 பங்கு ஆகிவிடும், அத்தனை பேருக்கு எங்கே போவது? நான் முதலில் வெந்த கேக்கில் ஒரு துண்டு கொடுப்பேன். பிடித்திருந்தால் அவர்களே கேட்பார்கள். அப்போது கோதுமையோ பாலோ ஒத்துக்கொள்ளுமா என்று விசாரித்துவிட்டு, டப்பாவில் தேதியும் அன்று எத்தனையாவது நாள் என்பதும் எழுதிக் கொடுப்பேன். மிஞ்சிய பங்கை ஃப்ரீசரில் வைக்கலாம், வெளியே எடுத்துச் சில மணி நேரம் விட்டால் எழுந்துவிடும். கொட்டினாலும் தப்பில்லை, உங்களுக்குக் கொடுத்தவர் அதற்காக வருத்தப்பட மாட்டார்.

சென்னை, மதுரை வெயிலில் இதைச் செய்பவர்களுக்கு: பத்து நாள் கணக்கு குளிர்நாட்டு மேடைக்கு எழுதியது. நம் ஊர்ச் சூட்டில் இரண்டாம் நாளே காடியாகப் புளித்துவிடும், பாலும் கெடும். பகலில் சில மணி நேரம் வெளியே, மற்ற நேரம் ஃபிரிட்ஜில் என்று வையுங்கள். நாளை எண்ணாமல் குமிழியைப் பார்த்துச் சாப்பாடு கொடுங்கள்.