லயர்பேர்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

தங்கச்சி, அவுஸ்திரேலிய 10 சதக் குற்றியில் இருக்கிற லயர்பேர்ட் பறவையை மகளுக்கு நேரில் காட்ட ஏலுமா, அதை 'யாழ்ப்பறவை' என்று சொல்லிக்கொடுத்தது சரியா என்று கேட்டிருந்தீர்கள்.

தாராளமாகக் காட்டலாம். மெல்பேர்ணில் இருந்து பெல்கிரேவ் ரயிலில் ஏறிக் கடைசித் தரிப்பிடத்தில் இறங்குங்கோ. ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட எடுக்கும். ஷெர்புரூக் காடு பக்கத்திலேயே இருக்கிறது. காரில் போனால் கலிஸ்டாவில் உள்ள கிராண்ட்ஸ் பிக்னிக் கிரவுண்டில் விடலாம். பலத்த காற்றடித்த பிறகு மரங்கள் விழுந்து பாதைகளை மூடியிருப்பார்கள், ஆகவே பூங்காக்களைப் பராமரிக்கும் பார்க்ஸ் விக்டோரியாவின் இணையத்தளத்தை முதல்நாளே பாருங்கோ. நாயைக் கொண்டுபோக விடமாட்டார்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் நல்ல காலம். ஆண் பறவை கூடுதலாகப் பாடுவதும் ஆடுவதும் அப்போதுதான். அந்தக் காலம் முடிய வால் இறகுகளை உதிர்த்துவிட்டுப் புதிதாக வளர்க்கும். விடிந்த கையோடு போங்கோ. குளிர் எலும்பைக் குத்தும். ஈரத்தில் அட்டையும் இருக்கும், காலுறைக்குள் காற்சட்டையைச் செருகிவிடுங்கோ.

போனதும் கண்ணால் தேடாதீர்கள், காதால் தேடுங்கோ. பலர் ஏமாறுவது இதில்தான். மண்ணிறப் பறவை, மண்ணிறத் தரை. பத்தடியில் நின்றாலும் தெரியாது. ஆனால் ஒரே இடத்தில் இருந்து கூக்கபராப் பறவை சிரிக்கிறது, உடனே விப்பேர்ட் என்ற பறவை சாட்டை வீசுவது போலக் கூவுகிறது, அடுத்த கணம் கிளி கத்துகிறது என்றால் அங்கே நிற்பது ஒரே பறவை, லயர்பேர்ட். பெண்ணும் இப்படிப் பின்பற்றிப் பாடும். மரம் அறுக்கும் வாள், கமரா ஓசை எல்லாம் பெரும்பாலும் மனிதரோடு வளர்ந்த பறவைகளிடம் பதிவானவை. காட்டில் அதை எதிர்பார்த்துப் பிள்ளை ஏமாறக்கூடாது. இன்னொரு அடையாளம், இலைச்சருகைக் காலால் கிளறும் சரசரப்பு. கேட்டால் அசையாமல் நில்லுங்கோ. ஃபோனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடவே கூடாது. தன் எல்லைக்குள் வேறோர் ஆண் வந்துவிட்டதென்று கலங்கிப்போகும்.

வளர்ந்த ஆணின் வாலில் 16 இறகுகள். வெளிப்பக்கம் வளைந்த இரண்டு பட்டை இறகுகள், நடுவில் கம்பி போல இரண்டு, மிச்சம் 12-உம் சல்லாத்துணி மாதிரி. மண்ணைக் கூட்டிக் கட்டிய மேட்டில் ஏறி, வாலை முன்னுக்குக் கவிழ்த்துத் தலையையே மூடிக்கொண்டு ஆடும். அப்போது உள்பக்கத்து வெள்ளி நிறம் தெரியும். லயர் என்ற பழைய கிரேக்க நரம்பு வாத்தியம் போல வாலை நிமிர்த்தி வைத்திருக்கும் பழைய படங்கள், இங்கிலாந்துக்குப் போன பாடம் செய்த உடலைப் பார்த்து வரைந்தவை. அந்தத் தோற்றத்தில்தான் பெயரும் நிலைத்தது.

'யாழ்ப்பறவை' என்பது அழகான பெயர்தான், வாத்தியம் மட்டும் வேறு. கிரேக்க லயரில் ஆமை ஓட்டில் தோல் போர்த்து, இரண்டு கைகளை நட்டு, மேலே ஒரு குறுக்குக் கட்டையைப் பூட்டுவார்கள். அதிலிருந்து குடல் நரம்புகள் தோலின் மேலாக, அதற்குச் சமாந்தரமாக ஓடிக் குதிரை என்ற தாங்குகட்டையைத் தாண்டி அடியில் முடியும். நம் யாழ் வில்லில் பிறந்தது. கோடு என்ற வளைந்த ஒற்றைத் தண்டில் இருந்து நரம்புகள் பத்தர் என்ற ஒலிப்பெட்டிக்குள் நேரே இறங்கும், குதிரை கிடையாது. மகளுக்கு ஒரு சப்பாத்துப் பெட்டியில் றபர்பாண்டுகளை மாட்டி, அடியில் பென்சிலைக் குறுக்கே செருகித் தட்டச் சொல்லுங்கோ. அது லயரின் முறை. யாழுக்குப் பென்சிலை எடுத்துவிட்டு, வளைத்த தடியொன்றைப் பெட்டியில் நட்டு, அதிலிருந்து நூலை இறக்கிக் காட்டலாம்.