‘சக்கை’ என்று படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றியது?

கேள்வி: ‘தலைமுறைகள்’, ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’, தமிழில் ‘செம்மீன்’ மூன்றையும் அடுத்தடுத்து வாசித்து, ஆறு பக்கம் எழுதி அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டீர்கள். மனதில் பட்டதை வாசகன் எழுதக்கூடாதா?
– ஒரு வாசகர், களியக்காவிளை

பதில்: மனதில் பட்டதைத்தான் கேட்கிறோம். நீங்கள் அனுப்பியதில் நாலரைப் பக்கம் கதைச்சுருக்கம். மிச்சத்தில் ‘அருமை’, ‘நெஞ்சைப் பிசைந்தது’. எந்த நாவலுக்கும் இதை ஒட்டலாம். எழுதியவர் களியக்காவிளைக்காரர் என்பதற்கு ஒரு வரிகூட அடையாளம் இல்லை.

நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968) இரணியல் மண். ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988) எழுதிய தோப்பில் முஹம்மது மீரான் தேங்காய்ப்பட்டணத்துக்காரர். இரண்டு ஊரும் உங்களுக்கு பஸ்ஸில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும் தூரம். உங்கள் குமரி மாவட்டப் பேச்சில் வரும் ‘சக்கை’ சென்னை வாசகருக்குப் பிழிந்துபோட்ட கோது, உங்களுக்குப் பலா. ‘வெள்ளம்’ அவருக்கு ஆற்றுப்பெருக்கு, உங்களுக்குக் குடிக்கிற தண்ணீர். அவர் தட்டுத்தடுமாறும் பக்கங்களில் உங்கள் காதுக்கு என்ன கேட்டது? எந்தச் சொல் வீட்டில் இன்னும் புழங்குகிறது, எது பாட்டியோடு போய்விட்டது? அதை எழுத உங்களைவிட்டால் ஆள் குறைவு.

‘செம்மீன்’ விஷயத்தில் குறை இன்னும் பெரிது. மலையாள எழுத்தாளர் தகழியின் நாவலைத் தமிழாக்கிய சுந்தர ராமசாமியின் பெயரையே நீங்கள் சொல்லவில்லை. மலையாளம் வாசிப்பேன் என்கிறீர்கள். அப்படியானால் ஒரே உரையாடலை இரண்டு மொழியிலும் வாய்விட்டுப் படியுங்கள். மீனவர் பேச்சில் எதை அப்படியே விட்டிருக்கிறார், எதை மாற்றியிருக்கிறார் என்று பாருங்கள். இரண்டு பக்கம் ஒப்பிட்டாலே எழுத விஷயம் கிடைக்கும்.

வாசிக்கும்போது பென்சில் கையில் இருக்கட்டும். மனம் நின்ற இடத்தின் பக்க எண்ணை மட்டும் கடைசி வெற்றுத்தாளில் குறியுங்கள். நம்ப முடியாத இடமும் அலுத்த இடமும் சேர்த்துத்தான். முந்நூறு பக்க நாவலில் இருபதைத் தாண்டினால், எல்லாவற்றுக்கும் கோடு போடுகிறீர்கள் என்று பொருள். முடித்தபின் இரண்டு நாள் புத்தகத்தை மூடிவையுங்கள். பிறகு திறக்காமலே ஒரு பக்கம் எழுதுங்கள். அப்போது ஓர்மையில் நிற்பதுதான் உங்கள் வாசிப்பு. அதன்பிறகு திறந்து பெயர், உறவுமுறை, மேற்கோள் மூன்றையும் சரிபாருங்கள். குடும்பக் கதைகளில் அதிகம் தப்புவது உறவுமுறை. நினைவில் அத்தை சித்தியாகிவிடுவாள்.

முன்னுரையையும் பின்னட்டையையும் எழுதி முடிக்கும்வரை தொடாதீர்கள். உங்கள் கட்டுரையில் இரண்டு வாக்கியம் பின்னட்டையிலிருந்து அப்படியே வந்திருக்கிறது. தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஆனாலும் அது உங்களுடையது அல்ல. கதை ஐந்து வரி போதும். ஒரு நாவலைப் பற்றி எழுதாமல் அடுத்ததைத் தொடவும் வேண்டாம், முந்தையது கலைந்துவிடும்.

முதலில் ‘செம்மீன்’ மட்டும், இரண்டு பக்கத்துக்குள் அனுப்புங்கள். எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு அச்சு என்பதையும் குறியுங்கள். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும்.