பாலே பயிலும் மகளைப் போட்டிக்கு அனுப்பலாமா?

கேள்வி: சுவிட்சர்லாந்தின் பேர்ன் மாநிலத்தில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பம் எங்களுடையது. என் மகளுக்கு 12 வயது. ஆறு வயதிலிருந்து இங்குள்ள தனியார் பள்ளியொன்றில் பாலே கற்கிறாள். வாரத்துக்கு மூன்று வகுப்புகள். சனிக்கிழமைகளில் பரதநாட்டியமும் உண்டு. ‘யூத் அமெரிக்கா கிராண்ட் பிரீ’ போட்டியின் ஐரோப்பியச் சுற்றுக்கு இரண்டு தனி நடனங்களுடன் இந்த ஆண்டே அவளை அனுப்ப வேண்டும், தவறவிட்டால் லோசான் போட்டியை மறந்துவிட வேண்டியதுதான் என்று பாலே ஆசிரியை சொல்கிறார். பரதத்தை நிறுத்திவிடவும் சொல்கிறார். தனிப் பயிற்சி, உடை, பயணம் எல்லாம் சேர்ந்தால் எங்களுக்கு அது பெருந்தொகை. படிப்புக் கெட்டுவிடும் என்று கணவர் ஒரேயடியாக மறுக்கிறார். மகளோ அழுகிறாள். என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இந்த ஆண்டு அனுப்ப வேண்டாம் என்பதே என் கருத்து. பணம் மட்டும் அதற்குக் காரணமன்று. தவறவிட்டால் எல்லாம் போயிற்று என்று உங்களுக்குச் சொல்லப்பட்டிருப்பதில் உண்மை இல்லை. லோசான் போட்டி, அதாவது ‘பிரீ த லோசான்’, ஏறக்குறைய 15 முதல் 18 வயது வரையிலான மாணவர்களுக்கானது. ஆசிரியை குறிப்பிடும் அமெரிக்கப் போட்டியில் 9 வயதிலிருந்து 19 வயது வரை சேரலாம். அப்படியானால் முன்னதற்கு உங்கள் மகள் இன்னும் மூன்று ஆண்டுகள் காத்திருந்தே ஆக வேண்டும். பின்னதற்கு அவளிடம் ஏழு ஆண்டுகள் மிச்சமிருக்கின்றன. லோசானின் முதற்கட்டத் தேர்வு காணொளி வழியாக நடக்கிறது. அதில் வகுப்பறைப் பயிற்சிகளைச் செய்து காட்ட வேண்டும். சிறு வயதில் வாங்கிய பதக்கங்கள் அந்தத் தேர்வுக்குத் தேவையில்லை.

லோசான் போட்டி எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதை அறிந்தால் உங்கள் குழப்பம் பாதி தீரும். கடிகாரத் தொழிலோடு தொடர்புடைய சுவிஸ் தொழிலதிபர் பிலிப் பிரான்ஷ்வீக், நடனக் கலைஞராக இருந்த தம் மனைவி எல்விருடன் சேர்ந்து 1973இல் அதைத் தொடங்கினார். திறமை இருந்தும் நல்ல பள்ளிக்குப் போக வசதியில்லாத இளையோரை அத்தகைய பள்ளிகளில் சேர்த்துவிடுவதே அவர்களுடைய நோக்கம். இன்றும் அங்கே வெல்பவருக்குக் கிடைக்கும் முதன்மையான பரிசு, உலகின் சிறந்த பாலே பள்ளி ஒன்றில் ஓராண்டுப் படிப்பும் அதற்கான வாழ்க்கைச் செலவுத் தொகையும்தான். சற்று மூத்தவர்களென்றால் ஏதேனும் ஒரு நடனக் குழுவில் பயிற்சிக் கலைஞராக இடம் கிடைக்கும். பாலே உலகில் மிகுந்த மதிப்புள்ள போட்டியே தன் பரிசாக ஒரு பள்ளி இருக்கையைத்தான் தருகிறது. அந்த இருக்கைக்கு நேரடியாக விண்ணப்பிக்கும் வயதில் உங்கள் மகள் இப்போது இருக்கிறாள்.

பெரிய பள்ளிகள் பிள்ளைகளை எப்போது சேர்க்கின்றன என்று பாருங்கள். சென் பீட்டர்ஸ்பர்க்கில் 1738இல் தோன்றிய வகானோவா கழகம் 10 வயதளவில் எடுத்து எட்டு ஆண்டுகள் பயிற்றுகிறது. இலண்டனின் ராயல் பாலே பள்ளி, ரிச்மண்ட் பூங்காவிலுள்ள தன் கீழ்ப்பள்ளியில் 11 வயதிலிருந்து சேர்த்துக்கொள்கிறது. பாரிஸை அடுத்த நாந்தேரில் இயங்கும் பாரிஸ் ஒப்பேராப் பள்ளியும் சிறுவயதிலேயே தேர்ந்தெடுத்து ஆண்டுதோறும் சலித்து எடுக்கிறது. பாரிஸ் பள்ளியின் பிள்ளைகளைச் சர்வதேசப் போட்டி மேடைகளில் நாம் அரிதாகவே காண்கிறோம். அவர்கள் பயிலும் பள்ளிக்கு அடுத்த படியாக அவர்களுடைய நடனக் குழுவே இருப்பதால், தங்களைக் காட்டிக்கொள்ள அவர்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. போட்டிகள் யாருக்கு உயிர்நாடியாக அமைந்தன என்றால், ஊரில் நல்ல ஆசிரியர் இருந்தும் அடுத்த படி இல்லாதவர்களுக்கு. பாலே கல்வி பெரும்பாலும் தனியார் பயிற்சிக்கூடங்களில் நடக்கும் ஜப்பானிலிருந்து லோசானுக்கு ஆண்டுதோறும் பலர் வருவது இதனால்தான். ஜப்பானியக் கலைஞர் யோஷிதா மியாகோவை, 1983இல் அங்கே வென்ற பிறகே ஐரோப்பா அறிந்தது.

வென்றவர்களின் வரலாற்றையும் பின்னோக்கிப் படிக்க வேண்டும். தென்கொரியாவின் காங் சூ-ஜின் 1985இல் லோசான் போட்டியில் வென்றார் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சியோல் நகரை விட்டு மொனாக்கோ சென்று, அங்குள்ள பாலே பள்ளியில் மாரிக்கா பெசோப்ராசோவாவிடம் அன்றாடம் பயின்றார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. வென்ற மறு ஆண்டு ஸ்டுட்கார்ட் பாலே குழுவில் சேர்ந்தவர் குழு நடனத்தின் கடைசி வரிசையிலிருந்து தொடங்கினார். முதன்மைக் கலைஞராக உயர்ந்தது 1997இல். கியூபாவின் கார்லோஸ் அகோஸ்தா 1990இல் 16 வயதில் லோசானில் தங்கப் பதக்கம் வாங்கினார். ஹவானாவின் எளிய குடும்பத்திலிருந்து வந்த அவருக்கு அரசுப் பள்ளி பல ஆண்டுகள் செலவின்றிக் கற்றுத் தந்திருந்தது. இருவர் விஷயத்திலும் பள்ளிதான் முன்னே வந்தது.

இனி, 12 வயதில் போட்டிப் பயிற்சி என்பது நடைமுறையில் என்ன என்பதற்கு வருகிறேன். மேடையில் ஆட வேண்டிய தனி நடனம், ‘வேரியேஷன்’ என்பது, பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதிர்ந்த முதன்மைக் கலைஞர்களுக்காக அமைக்கப்பட்ட அந்த நடனத்தைச் சிறு பிள்ளை ஆடும்போது, அதே சுழற்சி, அதே தாவல், அதே முகபாவம் என்று மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ய நேர்கிறது. தாவலும் சுழற்சியும் பெரும்பாலும் ஒரே பக்கமாக வருவதால் ஒரு கால் மட்டும் அதிகம் உழைக்கிறது. வாரத்துக்கு மூன்றே வகுப்புகள் உள்ள மாணவி, அவற்றுள் ஒன்றரை வகுப்பை இந்த நடனங்களுக்குக் கொடுத்தால், அடிப்படையைக் கட்ட எஞ்சுவது எவ்வளவு? முழுநேரப் பள்ளியில் நாள்தோறும் ஒன்றரை மணி நேர வகுப்பு முடித்த பிறகு வேரியேஷன் பழகும் பிள்ளைக்கு இந்த இழப்பு இல்லை. உங்கள் மகளுக்கு உண்டு.

ஆசிரியையின் அனுமதி பெற்று, ஒரு முழு வகுப்பையும் மூலையில் அமர்ந்து பாருங்கள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்து முழங்காலை மடக்கி இறங்கும்போது, அவளுடைய முழங்கால் பாதத்தின் நடுவிரல்களுக்கு மேலாகச் செல்கிறதா, அல்லது உட்பக்கம் சரிகிறதா என்று கவனியுங்கள். பாதங்களை வெளிப்பக்கம் திருப்பும் அசைவு இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். தரையோடு பாதத்தை அழுத்தித் திருப்பினால் கணுக்கால் உள்ளே விழுந்து, பாதத்தின் உள்வளைவு தரையைத் தொடும். பெற்றோர் கண்ணுக்கே இது தெரியும். தாவும்போது சத்தமில்லாமல் இறங்குகிறாளா, குதிகால் தரையைத் தொடுகிறதா என்பதையும் பாருங்கள். இவற்றை ஆசிரியை ஒவ்வொரு முறையும் திருத்துகிறாரென்றால் நல்ல கையில் பிள்ளை இருக்கிறாள். கால் எவ்வளவு உயரம் எழுகிறது என்பதை மட்டுமே பாராட்டுகிறாரென்றால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாயிண்ட் காலணி அணிந்து கால்விரல் நுனியில் நிற்பதற்கு இத்தனை வயது என்று ஒரு கணக்கு இல்லை. பெரும்பாலும் 11 அல்லது 12 வயதளவில் தொடங்குகிறார்கள் என்றாலும், கணுக்கால், பாதம், வயிற்றுத் தசைகள் ஆகியவற்றின் வலுவைப் பார்த்தே தொடங்க வேண்டும். இந்த வயதில் பாத எலும்புகளின் வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடியிருக்காது. ஆகையால் வாரம் மூன்று நாள் பயிலும் பிள்ளை பாயிண்ட் காலணியில் இரண்டு தனி நடனங்களைப் போட்டிக்குத் தயாரிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. பாதத்தில் ஒரே இடத்தில், தொட்டால் சுள்ளென்று வலி இருந்தால் ‘பழகிப் போகும்’ என்று யார் சொன்னாலும் கேட்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மிகைப் பயிற்சியால் எலும்பில் விழும் மெல்லிய விரிசல் அப்படித்தான் தொடங்கும். 15 வயதாகியும் பூப்பெய்தவில்லை என்றாலோ, வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் நின்றுவிட்டது என்றாலோ, ஆட்டக்காரிக்கு அது இயல்புதான் என்று விட்டுவிடக் கூடாது. உடல் செலவழிக்கும் சக்திக்கு ஈடாக உணவு செல்லவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். எலும்பையும் அது கெடுக்கும். பிள்ளையின் எடையைப் பற்றி வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் பேசும் பயிற்சிக்கூடம் எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் அங்கிருந்து அவளை அழைத்து வந்துவிடுங்கள். சுவிட்சர்லாந்தின் சில பெயர்பெற்ற பயிற்சி நிலையங்களே அண்மை ஆண்டுகளில் இத்தகைய புகார்களுக்காக விசாரிக்கப்பட்டன என்பதை நீங்கள் செய்திகளில் படித்திருப்பீர்கள். எந்தப் பள்ளிக்குச் சென்றாலும், வலி என்று பிள்ளை சொன்னால் என்ன செய்வீர்கள் என்று நேராகக் கேளுங்கள்.

பரதத்தை இப்போது நிறுத்தத் தேவையில்லை. முழங்கால்களை மடக்கி நிற்கும் அரைமண்டியிலும் திருப்பம் இடுப்பிலிருந்தே வர வேண்டும் என்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. லோசானில் நடுவர்கள் மதிப்பிடுபவற்றுள் இசையுணர்வும் தனித்தன்மையும் உண்டு. தாளத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அங்கே கைமுதல் கொஞ்சம் இருக்கிறது. சிமெந்துத் தரையில் வெறுங்காலால் தட்டி ஆடுவது மட்டும் வேண்டாம். மரத்தரையுள்ள கூடமா என்று பாருங்கள். பாலே பள்ளி முழுநேரமாகிவிட்டால் சனிக்கிழமை வகுப்பு தானாகவே நெருக்கடிக்குள்ளாகும். அப்போது அவளே முடிவெடுக்கட்டும். அரங்கேற்றத்தையும் போட்டியையும் ஒரே ஆண்டில் வைத்துக்கொள்ளும் எண்ணம் உறவினர் யாருக்கேனும் இருந்தால், அதை இப்போதே தடுத்துவிடுங்கள்.

போட்டிகளே கூடாது என்று நான் சொல்வதாக உங்கள் மகள் எண்ணிவிடக் கூடாது. 1999இல் தொடங்கிய அந்த அமெரிக்கப் போட்டியில் நடுவர்களாக அமர்பவர்களுள் பாலே பள்ளிகளின் இயக்குநர்கள் பலர் உண்டு. பதக்கம் பெறாத பிள்ளைக்கும் அங்கே உதவித்தொகையோடு பள்ளி இடம் கிடைப்பதுண்டு. இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்து, அன்றாடப் பயிற்சி அமைந்த பிறகு, அவளுடைய உடலுக்குப் பொருந்தும் எளிய வேரியேஷன் ஒன்றோடு போய் வரட்டும். லோசானிலும் மேடை நடனம் மட்டும் மதிப்பிடப்படுவதில்லை. ஒரு வாரம் முழுவதும் கிளாசிக்கல் வகுப்பிலும் தற்கால நடன வகுப்பிலும் மாணவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பதை நடுவர்கள் பார்க்கிறார்கள். இறுதிச் சுற்றுக்கு வராதவர்களையும் பள்ளிகளின் பிரதிநிதிகள் பார்த்து இடம் தருகிறார்கள். தற்கால நடனத்தில் வெறுமையாகப் போகும் பிள்ளை அங்கே பாதித் தேர்விலேயே தடுமாறும். உங்கள் ஊர்ப் பள்ளியில் அந்த வகுப்பு இருக்கிறதா என்று இப்போதே விசாரியுங்கள்.

அழும் பிள்ளைக்கு ஒன்று செய்யலாம். சனவரி இறுதியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும் நடக்கும் லோசான் போட்டிக்குப் பார்வையாளராக அவளை அழைத்துச் செல்லுங்கள். பேர்னிலிருந்து தொடருந்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம்தான். வகுப்புகளையே பார்வையாளர்கள் அமர்ந்து பார்க்கலாம். போக முடியாவிட்டால் இணையத்தில் நேரலையாகவும் வருகிறது. உலகின் பல மூலைகளிலிருந்து வந்த 17 வயதுப் பிள்ளைகள், காலையில் கம்பியைப் பிடித்து அவள் செய்யும் அதே பயிற்சிகளைச் செய்வதை அவள் பார்க்கட்டும்.

உங்கள் கணவரின் அச்சம் நியாயமானது. அதற்கு விடை சுவிட்சர்லாந்திலேயே இருக்கிறது. மேடை நடனக் கலைஞர் என்பது அங்கே அரசு அங்கீகரித்த தொழிற்கல்விச் சான்றிதழ் பெறக்கூடிய தொழில். மின்பணியாளர் பெறும் அதே தரத்துச் சான்றிதழ். கிளாசிக்கல் நடனத்தில் அதைத் தரும் நிலையங்களுள் சூரிக் நடனக் கழகமும் ஒன்று. தொழிற்கல்வி மெத்தூராத் தேர்வும் எழுதினால் மேற்படிப்புக்கான வழி அடைபடாது. 30களின் நடுவிலேயே பெரும்பாலான பாலே கலைஞர்களின் மேடைக்காலம் முடிந்துவிடுகிறது. பாரிஸ் ஒப்பேராவில்கூட 42 வயதில் ஓய்வு. ஆகவே படிப்பை விட்டுவிடு என்று சொல்லும் எந்தத் திட்டத்துக்கும் அவர் மறுப்புச் சொல்வது சரியே. போட்டிக்கென ஒதுக்க நினைத்த தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு, இரண்டு மூன்று பள்ளிகளின் நுழைவுத் தேர்வுகளுக்கு அவளை அழைத்துச் செல்லுங்கள். அங்கே அவளுடைய இடுப்பு, பாதம், முதுகு, தாள உணர்வு ஆகியவற்றைப் பார்த்து, அவளிடமிருந்து ஒரு ரூபாய்கூட எதிர்பார்க்கும் தேவையில்லாத ஆசிரியர்கள் ஒரு மதிப்பீடு சொல்வார்கள். இடம் கிடைத்தால் கணவரோடு உட்கார்ந்து பேச வேண்டியது பள்ளி அட்டவணையைப் பற்றித்தான். கிடைக்காவிட்டால், எதனால் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வந்து இப்போதைய ஆசிரியையிடம் கொடுங்கள். அடுத்த ஆண்டு வகுப்பில் எதைச் சரிசெய்வது என்று அவரோடு பேச அது போதும்.