அத்தானுக்கு ஏசி, வங்கிக்கு வளையல்

கேள்வி: நான் ஆசிரியை. கணவர் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறார். இருவருக்குமாகக் கைக்கு வருவது 130,000 ரூபா. வீடு திருகோணமலை உப்புவெளியில், கடற்கரைக்கு நடந்து போகிற தூரம். படுக்கையறையில் பத்து வருடப் பழைய ஏசி ஒன்று இருக்கிறது, 20 டிகிரியில் வைத்துப் பாவிக்கிறோம். மாரியில் 150 அலகு வருகிற மின்பட்டியல் வைகாசி, ஆனியில் 310 அலகுக்கு ஏறி, 14,000 ரூபாவைத் தாண்டுகிறது. ஆடியில் ரொறன்ரோவிலிருந்து அக்காவும் அத்தானும் பிள்ளைகளோடு நான்கு கிழமைக்கு வருகிறார்கள். பழையதைக் கழற்றிவிட்டு இன்வேர்ட்டர் ஏசி இரண்டு போடும்படியும், மிச்சமாகிற மின்கட்டணத்தில் அந்தச் செலவு தானாகத் திரும்பி வரும் என்றும் அத்தான் சொல்கிறார். தன் வீட்டில் ஹீட் பம்ப் போட்டபின் செலவு பாதியாகிவிட்டதாம். இரண்டுக்கும் பொருத்துகூலியோடு 460,000 ரூபா கேட்கிறார்கள். வங்கியில் அடகிலிருக்கும் நான்கு வளையலின் மேல் இன்னும் 300,000 எடுக்கலாம் என்று அங்குள்ளவர் சொன்னார். மீதியை 24 மாதத் தவணையில் மாதம் 7,500 ஆகக் கட்டலாம். அதன்பின் சோலாரும் போடலாமா? (அடகு விபரம் தனித்தாளில் இணைத்துள்ளேன்.)
உப்புவெளி வாசகி

பதில்: சகோதரி, ஏசியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்தத் தனித்தாளைத்தான் மூன்று முறை வாசித்தேன்.

2021இல் மகனின் இணையவழிப் படிப்புக்கு மடிக்கணினி வாங்கவும் வேறு செலவுக்குமாக நான்கு பவுண் வளையலை வைத்து 180,000 எடுத்தீர்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், அந்த வருடம் ஊரே அப்படித்தான் செய்தது. 2023இல் அதே வளையல், கடன் 320,000. அத்தான் வருகிறார் என்று தரைக்கு டைல்ஸ் பதித்தீர்கள். 2024இல் அதே வளையல், 520,000. குளியலறையும் மோட்டார் சைக்கிளும். இப்போது அதே வளையலுக்கு 820,000 தருகிறார்களாம்.

வளையல் வளரவில்லை, பவுண் விலைதான் ஏறியது. விலை ஏறும்போதெல்லாம் ஏற்றம் உங்கள் கைக்கு வருவதாக நினைத்து அதை உடனே செலவழித்துவிடுகிறீர்கள். நகை அடகிலிருக்கும் வரைக்கும் அந்த ஏற்றம் வருமானமில்லை, கூடுதல் கடனுக்கான அனுமதி மட்டும்தான். வருடா வருடம் வட்டியைக் கட்டி, அடகுச் சீட்டைப் புதுப்பித்து, மேலதிகமாகக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வருகிறீர்கள். நீங்கள் எழுதிய வருட வட்டி 15 வீதத்தில் கூட்டிப் பார்த்தேன். இதுவரை கட்டிய வட்டி மட்டும் ஏறக்குறைய இரண்டரை இலட்சம். முதலில் வாங்கிய 180,000ஐ அந்தக் காசில் முழுதாக அடைத்துவிட்டு மிச்சமும் வைத்திருக்கலாம். வட்டியாக இவ்வளவு போனபின்னும் கடன் மும்மடங்காகி நிற்கிறது. வளையலை மகளின் கல்யாணத்துக்கென்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைய நிலையில் அது வங்கிப் பெட்டகத்தின் வளையல்.

அத்தானின் கணக்குக்கு வருகிறேன். உங்கள் பட்டியலிலேயே விடை இருக்கிறது. மாரியில் 150, கோடையில் 310 என்றால் அந்தப் பழைய இயந்திரம் மாதம் 160 அலகு தின்கிறது. இன்வேர்ட்டர் ஏசியில் கொம்பிரசர் நின்று நின்று ஓடாமல் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடுவதால் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் பாதி என்பார், அவர் அப்படித்தான் சொல்வார். மூன்றில் ஒன்று என்றால் 55 அலகு. 180 அலகுக்கு மேற்பட்ட கட்டத்தில் ஓர் அலகு 60 ரூபா என்று தோராயமாகப் போட்டால் மாதம் 3,300 ரூபா. ஏசி ஓடுவது வருடத்தில் ஆறு மாதம், ஆக 20,000க்குச் சற்றுக் கீழே. ஒரு ஏசியின் விலை 230,000. அதற்கு அடகு வட்டி மட்டும் வருடத்துக்கு 34,500. வருகிற மிச்சம் வட்டிக்கே காணாது, முதலைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

இது பழையதை மாற்றுகிற ஏசிக்கான கணக்கு. இரண்டாவது ஏசி எதையும் மிச்சப்படுத்தப் போவதில்லை, இல்லாத செலவைப் புதிதாகக் கொண்டுவரும். அத்தான் விமானம் ஏறிய மறுநாள் மகன் அந்த அறைக்குள் புகுந்துவிடுவான், பிறகு கோடைக்கோடை மாதம் இன்னொரு 100 அலகு. 6,000 ரூபா. மின்கட்டணத்தைக் குறைக்க என்று தொடங்கிய திட்டம் பட்டியலை 310இலிருந்து 350 அலகுக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தும்.

அத்தான் பொய் சொல்லவில்லை. ரொறன்ரோவில் தை மாதம் வெளியே பூச்சியத்துக்குக் கீழே 10, வீட்டுக்குள் 21 என்றால் இடைவெளி 31 டிகிரி. அங்கே வீட்டைச் சூடாக்குவதுதான் பெரிய செலவு. ஹீட் பம்ப் என்பது ஏசியைத் திருப்பிப் போட்டது போன்ற இயந்திரம். வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உறிஞ்சி உள்ளே தள்ளுவதால், செலவாகும் ஓர் அலகு மின்சாரத்துக்கு இரண்டு மூன்று அலகு வெப்பம் கிடைக்கும். சூட்டுக்கம்பியில் ஓர் அலகுக்கு ஓர் அலகுதான். மாதக்கணக்கில் இரவும் பகலும் ஓடுகிற இயந்திரத்தில் அவர் மிச்சம் பிடித்திருக்கிறார், அவருக்கு அது கெட்டிக்காரச் செலவு. திருகோணமலையில் வீட்டைச் சூடாக்க எவரும் காசு கொடுப்பதில்லை. சூடு வேண்டுமென்றால் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு இருக்கிறது. இங்கே ஆடி மாத நள்ளிரவில் வெளியே 27, 28 டிகிரி, உங்களுக்கு வேண்டியது 26. இந்த இரண்டு டிகிரிக்கா நான்கரை இலட்சம்?

பிறகு ஏன் அறை வேகிறது என்று கேட்பீர்கள். படுக்கையறைக்கு மேலே கொங்கிறீற் தட்டு, மேற்குச் சுவரில் பின்னேர வெயில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பகல் முழுக்க வெயில் குடித்த தட்டும் சுவரும் இரவு பத்து மணிக்குப் பிறகு அதை உள்ளே விடுகின்றன. கதவைச் சாத்திவிட்டு மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், இரவு பதினொரு மணிக்கும் சுடும். உங்கள் ஏசி காற்றைக் குளிராக்குவதைவிட அந்தச் சுவரோடு மல்லுக்கட்டுவதுதான் அதிகம். தட்டுக்கு வெள்ளை அடியுங்கள். மேற்குச் சுவருக்கு ஓரடி தள்ளிக் கம்பு நட்டு, மேலிருந்து கீழ்வரை கிடுகு கட்டுங்கள். கச்சான் காற்று பிய்த்தெறியாமல் இறுக்கிக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். நான் உவர்மலையில் வளர்ந்த வீட்டில் அம்மா வருடா வருடம் செய்வித்த வேலை இது. அப்போது அதற்குச் சிக்கனத் தொழில்நுட்பம் என்றெல்லாம் பெயரில்லை.

அடுத்தது அந்த 20. பழைய ஏசியில் 20 வைத்தாலும் 26 வைத்தாலும் அறை குளிர்கிற வேகம் ஒன்றுதான். கொம்பிரசர் ஓடினால் முழுவேகம், இல்லாவிட்டால் ஓய்வு. 20இல் வைத்தால் ஓய்வே இல்லை. ஒரு டிகிரி ஏற்றினால் ஐந்தாறு வீதம் குறையும் என்பது பொதுவான கணிப்பு. 26க்கு ஏற்றி மின்விசிறியைச் சுற்றவிட்டால் 30 வீதம். புது இன்வேர்ட்டர் தருமென்று நான் மேலே போட்ட மிச்சம் ஏறக்குறைய இதேதான், இதற்கு அடகுச் சீட்டு தேவையில்லை.

வெளியே மாட்டியிருக்கும் பெட்டியையும் போய்ப் பாருங்கள். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் என்றால் அதன் மெல்லிய அலுமினியத் தகடுகளில் வெள்ளையாக உப்புப் பூத்து, விரல் பட்டால் பொடியாக உதிரும். வெப்பம் வெளியேறுகிற வழியே அதுதான். நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவச் சொல்லுங்கள், மாதம் ஒருமுறை. வருடா வருடம் காஸ் அடிக்கிறீர்கள் என்ற வரியையும் கவனித்தேன். காஸ் எரிபொருள் அல்ல, ஓடி ஓடித் தீர்வதற்கு. அது மூடிய குழாய்க்குள் சுற்றுகிறது, குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுக்கை அடைக்காமல் காஸ் அடிப்பவருக்கு இனிக் காசு கொடுக்காதீர்கள். இதே உப்புக்காற்று நாளை புது ஏசியையும் தின்னும். இன்வேர்ட்டருக்குள் இருக்கும் மின்னணுப் பலகை போனால் திருத்துகூலி பழைய இயந்திரத்தின் கூலி மாதிரி இருக்காது. கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

காசு செலவழித்தே ஆக வேண்டுமென்றால் மின்விசிறிக்குச் செலவழியுங்கள். சாதாரண கூரை மின்விசிறி 75 வாற் எடுக்கும், பீஎல்டீசி என்கிற, மின்சாரம் குறைவாகத் தின்கிற மோட்டார் பூட்டியது 30 வாற் அளவில் அதே காற்றைத் தரும். பன்னிரண்டு மணிநேரம் ஓடினால் நாளுக்கு அரை அலகு, கோடையில் மாதம் 900 ரூபாவுக்குக் கிட்ட மிச்சம். ஒன்று 15,000 என்றால் மாரியின் மலிவான அலகுகளைக் கணக்கில் எடுத்தாலும் மூன்று வருடத்துக்குள் விலை திரும்பிவிடும். அதுவும் கைக்காசில் ஒன்று. பல விசிறிகளைச் சேர்த்துத் தவணையில் அல்ல.

சோலாருக்கு இப்போது இல்லை என்பதுதான் பதில். 2016இல் சேர்ந்தவர்களுக்குத் திட்டத்தின்படி முதல் ஏழு வருடம் அலகுக்கு 22 ரூபா, அதன்பின் 15.50. பிறகு சேருகிறவர்களுக்கு விலைகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. அந்த விலையை நம்பிக் கடன் எடுப்பவர் மின்சாரத்தை வாங்கும் நிறுவனத்தின் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும், விற்பவரின் வண்ணத்தாளை அல்ல. இன்னொன்று: பற்றரி இல்லாத கூரைச் சோலார் மின்தடை வந்தால் தானும் நின்றுவிடும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் குரங்கொன்று புகுந்ததாக அமைச்சர் சொன்ன அன்று நாடே இருண்டது. உச்சிவெயிலில் கூரை நிறையப் பனலோடு விசிறி சுற்றாமல் வியர்த்துக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்தேன்.

இப்போது அத்தான். நான்கு கிழமைக்காக ஓர் ஏசி என்றால் 230,000ஐ 28 இரவால் வகுத்துப் பாருங்கள், ஓர் இரவுக்கு 8,200 ரூபா. அந்தத் தொகையோடு நிலாவெளியில் ஓர் அறை பேசிப் பார்க்கலாம், அங்கே கடலும் தெரியும். அதைவிட நல்லது, உங்கள் அறையை அக்கா குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் விறாந்தையில் பாய் போட்டுப் படுப்பது. விருந்தாளி வந்தால் நம் வீடுகளில் எப்போதும் நடந்தது அதுதானே. அத்தானுக்கு ஒளிக்க வேண்டியதும் எதுவுமில்லை. “வளையல் அடகில் இருக்கிறது, அதைத் திருப்பிவிட்டு ஏசியைப் பார்க்கிறோம்” என்று அக்காவிடம் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அவர் வந்து டைல்ஸைப் பார்த்து எங்கள் தங்கச்சி வசதியாக இருக்கிறாள் என்று நம்புவதற்குத்தான் இத்தனை வட்டியும் போயிருக்கிறது. அதைக் கேட்டு அத்தான் காசு தர முன்வந்தால் வாங்காதீர்கள். வங்கிக்கு வட்டியோடு கணக்கு முடியும், உறவுக்கு அப்படி முடியாது.

ஏசிக்காகத் தவணை 7,500, மேலதிகக் கடனின் வட்டி 3,750, மொத்தம் மாதம் 11,250 ரூபாவைத் தேடிக்கொள்ளலாம் என்று நீங்களே முடிவு செய்திருந்தீர்கள். அந்த 11,250ஐ எடுங்கள். இப்போதைய 520,000க்கான வட்டி மாதம் 6,500, அதையும் சேர்த்தால் 17,750. இதை ஒவ்வொரு மாதமும் அடகுக்குப் பகுதிக்கட்டணமாகக் கட்டினால் மூன்று வருடமும் ஓரிரு மாதமும், நான்கு வளையலும் வீட்டுக்கு வரும். ஒன்றை விற்று மற்ற மூன்றை விரைவில் மீட்பது கணக்குப்படி இன்னும் நல்லது. உங்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் சொல்லி வைக்கிறேன்.

புதுப்பிக்கும் திகதி இம்மாதம் 22 என்று சீட்டில் இருக்கிறது. அன்று கருமபீடத்தில் இருப்பவர் இன்னும் எவ்வளவு எடுக்கலாம் என்று கணக்குப் பார்த்துச் சொல்வார், அது அவருடைய வேலை. ஒரு ரூபாவும் வேண்டாம் என்று சொல்லுங்கள். நான்கு வளையலும் ஒரே சீட்டில் இருப்பதால்தான் ஐந்து இலட்சமும் சேராமல் ஒன்றைக்கூட எடுக்க முடியாதிருக்கிறது. நான்கு சீட்டாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு சீட்டுக்கு 130,000 வரும். மற்ற மூன்றுக்கும் வட்டியை மட்டும் ஒதுக்கிவிட்டு, மாதக் கட்டணத்தின் மீதி முழுவதையும் முதலில் ஒரே சீட்டுக்குப் போட்டு வந்தால், அடுத்த வருடம் அக்கா தொலைபேசியில் கேட்கும்போது ஒரு வளையலாவது உங்கள் கையில் இருக்கும்.