கொறங்காட்டில் சீமைக்கருவேல்: கேட்டவையும் சொன்னவையும்

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில் (உயிர்வேலி கட்டிய மானாவாரி மேய்ச்சல் நிலங்களில்) சீமைக்கருவேல் புகுந்து மேய்ச்சலைத் தின்கிறது, என்ன செய்யலாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

போன வருஷம் ஆள் விட்டு மொத்தத்தையும் வெட்டினேன் அண்ணா. இப்போது ஒரு மரம் நின்ற இடத்தில் ஏழெட்டுக் கிளை நிற்கிறது. எங்கே தப்பு? (மூலனூர்)

தரையோடு வெட்டியதுதான் தப்பு, தம்பி. இந்த மரம் துளிர்ப்பது அடித்தூரிலிருந்து. அந்தத் தூரில் ஒரு பகுதி மண்ணுக்குள்ளும் இருக்கிறது. மேலே வெட்ட வெட்டப் புதராகத்தான் வரும். தூரைச் சுற்றிப் பறித்து, ஓரடி ஆழத்தில் வேரை அறுத்துத் தூரை வெளியே எடுங்கள். அதற்குக் கீழே மிஞ்சும் வேர் பெரும்பாலும் துளிர்க்காது. ஆணிவேரின் நுனிவரை போக வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கத்தில் இதன் உறவு மரத்தின் வேரை 50 மீட்டருக்கும் கீழே பார்த்திருக்கிறார்கள். அதைத் துரத்தினால் கிணறுதான் வெட்டி முடிப்போம்.

இன்னொன்று. "காசே வேண்டாம், விறகை மட்டும் எடுத்துக்கிறேன்" என்று கரி போடுகிறவர் வந்தால் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். தூர் மிஞ்சினால்தான் மூன்று நாலு வருஷத்தில் அவருக்கு அடுத்த வெட்டு கிடைக்கும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கரிமூட்டத் தொழில் ஓடுவதே இந்தத் துளிரை நம்பித்தான். அவரைக் குறை சொல்லவில்லை, அது அவர் பிழைப்பு. உங்களுக்கு வேண்டியது புல். தூரையும் எடுத்தால்தான் விறகு என்று சொல்லிவிடுங்கள்.

ஜேசிபி விட்டுவிடலாமா? எந்த மாதம் நல்லது? (வெள்ளகோவில்)

தொடைக்கனம் தாண்டிய மரத்துக்கு ஜேசிபி விடலாம். அதற்குள் இருப்பதற்குக் கடப்பாரையும் மண்வெட்டியும் போதும். ஒரு மழை பெய்து மண் இளகியதும் ஆரம்பியுங்கள். காய்ந்த மண்ணில் இழுத்தால் தூர் பாதியில் முறிந்துவிடும்.

ஜேசிபியில் ஒரு கெடுதல் உண்டு. மரத்தோடு மாடு மேயும் கொழுக்கட்டைப்புல்லும் பெயர்ந்து மண் வெறுமையாகிவிடும். சீமைக்கருவேல் விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும், வெறும் மண்ணில் அதுதான் முந்தும். அதனால் குழியை மூடிய கையோடு அந்த மழையிலேயே கொழுக்கட்டைப்புல் விதையைத் தூவிவிடுங்கள். புதிதாக உதிர்ந்த விதை சரியாக முளைக்காது, ஆறேழு மாதம் வைத்திருந்த விதையாகப் பாருங்கள். புல் தூர் கட்டும்வரை அங்கே மாட்டை விடவே கூடாது. மரத்தைப் பிடுங்கிவிட்டுப் புல்லை மறந்தவர்களின் காட்டில்தான் அடுத்த ஐப்பசிக்குள் பழையபடி முள் ஏறுகிறது.

எங்கள் காட்டில் ஒரு மரம்கூட இல்லைங்க. ஆனாலும் பட்டியைச் சுற்றி முளைத்துக்கொண்டே இருக்கிறது. (தாராபுரம்)

உங்கள் மாடுதான் கொண்டுவருகிறது, அம்மா. இதன் நெற்று இனிப்பு. மாடு வழியோரத்தில் பொறுக்கித் தின்னும். விதை செரிக்காமல் சாணியோடு விழும், முளைப்பதற்கு எருவும் கூடவே கிடைத்துவிடும். நெற்று உதிரும் மாதங்களில் வெளியே மேய்ந்த மாட்டை நேராக நல்ல காட்டுக்குள் விடாதீர்கள். ஒரு வாரம் கட்டுத்தறியில் தீவனம் போட்டு வைத்திருந்துவிட்டு அப்புறம் விடுங்கள்.

நெற்றைப் பொறுக்கி நன்றாக அரைத்துக் கொடுத்தால் விதையும் ஒழியும், தீவனமும் ஆகும். ஆனால் மற்ற தீவனத்தோடு கொஞ்சமாகக் கலக்க வேண்டும். அதையே முழுத் தீவனமாக நாள்கணக்கில் போட்டால் தாடைத் தசை தளர்ந்து மாடு மெல்ல முடியாமல் மெலியும். பிரேசிலில் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

வெள்ளாடு விட்டால் தின்று அழித்துவிடுமா என்றும் சிலர் கேட்டீர்கள். அழிக்காது. ஆடு நெற்றைத்தான் தேடிப் போகும், இலையை அவ்வளவாகத் தொடாது.

காற்றிலிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சுமாம், மரத்தில் கட்டினால் மாடு மலடாகுமாம். வாட்ஸப்பில் வந்தது. (கரூர்)

ஃபார்வர்டு செய்யாதீர்கள். நிலத்தடி நீரைக் குடிக்கிறது, நிழலில் புல்லை வரவிடாமல் அடிக்கிறது, முள் ஏறினால் கால் சீழ் பிடிக்கிறது. வெட்டுவதற்கு இந்தக் காரணங்களே தாராளம்.

வெட்ட வந்தவர் முள் இருப்பதையெல்லாம் வெட்டுகிறேன் என்கிறார். எப்படிப் பிரித்துக் காட்டுவது? (காங்கேயம்)

முதலில் அவரை நிறுத்துங்கள்! வெள்வேல் இல்லாமல் கொறங்காடே இல்லை. நிழலும் தருகிறது, அதன் காய் மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோடைத் தீவனம். அதன் பட்டை வெளுத்திருக்கும், பூ வெளிர்நிற உருண்டை. நாட்டுக்கருவேலுக்குக் கறுத்த பட்டை, மஞ்சள் உருண்டைப்பூ, மணி கோத்த மாதிரி காய். சீமைக்கருவேல் பூ உருண்டையாக இருக்காது, நீண்ட கதிராகத் தொங்கும்.

ஏமாற்றுவது வன்னி. அதுவும் கதிர்ப்பூதான். முள்ளைப் பாருங்கள்: சீமைக்கருவேலில் கணுவில் ஜோடியாக நீண்டிருக்கும், வன்னியில் குட்டையாகக் கணுக்களுக்கு இடையே சிதறியிருக்கும். விட வேண்டிய மரங்களில் முந்தின நாளே சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

களைக்கொல்லி அடித்தால் வேலை மிச்சமாகுமே? (பல்லடம்)

கிளைபோசேட்டைத்தான் கேட்கிறீர்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு போட்ட உத்தரவுப்படி, உரிமம் உள்ள பூச்சிக் கட்டுப்பாட்டாளர்தான் அதைத் தெளிக்கலாம். தவிர, இலை கருகினாலும் தூர் பிழைத்துக்கொள்ளும். நான் சொல்லமாட்டேன்.

எங்களுக்குத் தொல்லை உண்ணிச்செடி (லாண்டனா). மலைமாடு மேய இடமே இல்லை. (பர்கூர்)

பட்டா நிலமென்றால் இறங்கலாம், காட்டு நிலத்தில் வனத்துறையைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். உண்ணிக்கு ஓரடி தோண்ட வேண்டாம். மண்ணுக்குக் கீழே இரண்டு விரற்கடையில் ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். காய் பழுப்பதற்கு முன் செய்தால் பறவை பரப்பாது. பசியோடு வரும் மாடு வேறு பச்சை இல்லாமல் இதை மேய்ந்துவிட்டால் ஈரல் கெடும், கண் மஞ்சளாகும், வெயில் பட்ட தோல் வெடிக்கும். அப்படி ஆனால் நிழலில் கட்டிவிட்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஒரு தடவை சுத்தம் செய்தால் எத்தனை வருஷம் தாங்கும்? (கொடுமுடி)

ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு சுற்று நடக்க வேண்டும். சாண் உயரக் கன்று ஈரமண்ணில் கையோடு வந்துவிடும். அடுத்த வருஷம் என்று விட்டால் அதற்கும் கடப்பாரை வேண்டும்.